பாதி மாத்திரைப் பஞ்சாமிர்தம்

2023 செப்டம்பர் 21, வியாழன்

பால் இரண்டு பாக்கெட். பீர்க்கங்காய் கால் கிலோ. இந்த மும்பைச் செம்பூரில் அதைத் தங்கம் மாதிரி நிறுத்துத் தருகிறார்கள். மீதிக் கணக்கு பின்பக்கம்.

இவர் காலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு எழுந்தார். மறுபடி போய் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர் பில்டிங்கின் குளியலறைக் குழாய்கள் தெரிகின்றன. வேறு காட்சி கிடையாது.

இன்று முழுக்க இவர் பேசியது: "மோர் போதும்."

தாராவிக் கடையை விற்று இந்த ஃப்ளாட்டுக்கு வந்து ஐந்து மாதம். முப்பது வருடம் பலசரக்குக் கடையில் நின்றுகொண்டே இந்த மனிதர் முருகனிடம் கேட்டது ஒன்றுதான் — ஒரு நாளாவது உட்கார வேண்டும். கொடுத்துவிட்டான். நான் முருகனைக் குறை சொல்லவில்லை. எவ்வளவு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்திருக்கலாம்.

செப்டம்பர் 23, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றினேன். இவரும் கும்பிட்டார். பெருமாளிடம் எதுவும் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மகள் பானுமதி சான்பாடாவிலிருந்து போன் செய்தாள். அப்பாவுக்கு வந்திருப்பது வீம்பு இல்லை, டிப்ரெஷன், மனச்சோர்வு, டாக்டரிடம் காட்டு என்கிறாள். மருந்து உண்டாம். இந்த நோயைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் என் படிப்பெல்லாம் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்த பழைய பேப்பர்தான். அதில் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் "வைத்தியம் என்ன?" என்று போட்டுவிட்டு, தொடர்ச்சி அடுத்த பக்கம் என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் யாரோ கடலைப் பருப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

செப்டம்பர் 25, திங்கள்

மனநோய் டாக்டர் என்று சொன்னால் இவர் லிஃப்ட் வரைக்கும்கூட வர மாட்டார். அதனால், எனக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாருங்கள் என்றேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, நான் எடுத்து வைக்காமல், இவராகவே சட்டை மாற்றினார்.

என் பெயரில் சீட்டு எடுத்து, உள்ளே நுழைந்ததும் இவரை முன்னால் தள்ளிவிடுவது. அதுதான் திட்டம். கதவு வரை வந்தவர் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சீட்டு ஒனக்குத்தான. நீ போய்க் காட்டிட்டு வா" என்கிறார். பின்னால் பெரிய வரிசை. கம்பவுண்டர் கதவைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறான். நானே போனேன்.

பெரிய டாக்டர் அம்மா இந்தியில் கேட்டார். தூக்கம் வருகிறதா, பசி உண்டா, முன்பு பிடித்த வேலை இப்போதும் பிடிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருமா, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுமா. இவருக்கு உள்ளதையெல்லாம் எனக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. இவ்வளவு வருடம் கூட இருந்தால் இன்னொருவர் நோய் மனப்பாடம் ஆகிவிடும் போலிருக்கிறது. கடைசிக் கேள்விக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கு இப்படி நடிக்க வரும் என்று யாரும் சொன்னதில்லை.

மனச்சோர்வு, நடுத்தரத்துக்கு மேல் என்று எழுதினார்.

வெளியே வந்ததும் இவர், "என்ன சொன்னாவ?" என்றார். மாத்திரை தருவார்களாம் என்றேன். ஆட்டோவில் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 27, புதன்

மாத்திரை இலவசம். அதற்கு ஒரு நிபந்தனை: ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆராய்ச்சியில் நான் ஓர் ஆளாகச் சேர வேண்டும். சேர்ந்தேன். எனக்கு நம்பர் பதினேழு.

எல்லாம் விளக்கியது அனந்தகிருஷ்ணன் என்கிற பையன். ஆராய்ச்சிக்கு அவன்தான் ஓடியாடி வேலை பார்க்கிறவன். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவன். என்னை மாமி என்கிறான். நான் அக்கா ஆகியிருக்கிறேன், அண்ணி ஆகியிருக்கிறேன், தாராவி முழுக்கக் கடைக்காரம்மா ஆகியிருக்கிறேன். மாமி ஆனது இன்றுதான். புடவை கட்டித் தமிழ் பேசினால் அவனுக்கு மாமி. சம்மதப் படிவம் தமிழில் இருந்தது. அவனுக்குத் தமிழ் எழுத்து வராது. எனக்கு விளக்க வேண்டிய தாளை நான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓ, அப்படியா போட்டிருக்கு" என்று கேட்டுக்கொண்டான்.

எனக்குப் புரிந்தவரை ஆராய்ச்சி இரண்டு. ஒன்று, மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் அதை அரைத்துக் கழுவி வெளியே தள்ளுகிறதாம். ஒருவர் உடம்பில் இந்த வேலை மெதுவாக நடக்கும், ஒருவர் உடம்பில் வேகமாக நடக்கும். ரத்தம் எடுத்து அதைப் பார்ப்பார்கள். இரண்டு, கவலையில் சுரக்கும் ஹார்மோன். கார்டிசால் என்று பெயர். அது எச்சிலில் தெரியுமாம். விடிகாலை நடை திறக்கும்போது ஏறி, அர்த்தஜாமத்தில் இறங்கி அடங்க வேண்டும். மனச்சோர்வு உள்ள சிலருக்கு இரவிலும் இறங்காதாம். கோயிலைச் சாத்திய பிறகும் மேளம் அடிக்கிற மாதிரி.

கூடவே ஒரு அட்டை. தினமும் எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று எழுத வேண்டும். கணக்கு எழுதுகிறவளிடம் அட்டை கொடுத்தால் பிரச்சினை இல்லை.

செப்டம்பர் 30, சனி

எச்சில் விஷயத்தில் ஏமாந்தேன். ஆஸ்பத்திரியில் துப்பிவிட்டு வருவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மாத்திரை ஆரம்பிக்கும் முன் மூன்று நாள், காலையில் கண் விழித்தவுடன் ஒரு குழாய், இரவு படுக்கும் முன் ஒரு குழாய், நானே வீட்டில் பிடிக்க வேண்டும். பிடித்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

முதல் நாள் காலை குளித்து, பூஜை முடித்து, திருநீறு பூசி, அப்புறம் குழாயில் துப்பினேன். போனில் சொன்னதும் அனந்தகிருஷ்ணன் அலறினான். "மாமி, கண்ணு முழிச்சதும். பல் தேய்க்கறதுக்கு முன்னாடி. அதான் மெயின் பாயிண்ட்டே." பல் தேய்க்காத வாயில் முருகன் பேரைக்கூட நான் சொல்வதில்லை. ஆராய்ச்சிக்கு அந்த வாய்தான் வேண்டுமாம்.

சரி, பிடித்தாயிற்று. எங்கே வைப்பது? என் ஃப்ரிட்ஜில் அபிஷேகப் பால் இருக்கிறது, தயிர் இருக்கிறது, உறைமோர் இருக்கிறது. அதன் பக்கத்தில் எச்சிலா? குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றேன். கடைசியில் பக்கத்து ஃப்ளாட் ஷமீமாவிடம் போனேன். மேலப்பாளையத்துப் பெண். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எங்க ஃப்ரீசர்ல வைங்கக்கா. கறிக்கும் எச்சிலுக்கும் சண்டை வராது."

தூக்க அட்டை: 2.40. நேற்று 3.10. இதை என் கணக்கில் எழுதுவது அவ்வளவு நியாயம் இல்லை. இவர் தூங்காமல் புரளுவதால்தான் நான் விழித்திருக்கிறேன். இது இவருடைய தூக்கமின்மை.

அக்டோபர் 3, செவ்வாய்

அனந்தகிருஷ்ணன் ஐஸ் பெட்டியோடு வந்து குழாய்களை வாங்கிப் போனான். நான் கீழே காய் வாங்கப் போயிருந்த நேரம். ஷமீமா முதலில் கைமாப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். அவனும் பெட்டியில் வைத்து லேபிள் ஒட்டிவிட்டானாம். அப்புறம்தான் மாற்றிக்கொண்டார்களாம்.

அக்டோபர் 6, வெள்ளி

இன்று மாத்திரை ஆரம்பம்.

இவருக்கு எப்படிக் கொடுப்பது என்றுதான் மூன்று நாளாக யோசனை. மோரில் போட்டால் மிதக்கும். குழம்பில் போட்டால் எனக்கே மனசு ஒப்பாது. பிரசாதம் என்றால் இவர் மறுப்பதில்லை. கையை நீட்டிவிடுவார். அதற்கு வாய் திறந்து பேசவும் வேண்டாம். ஆகவே நாற்பத்தெட்டு நாள் முருகனுக்குப் பஞ்சாமிர்தம் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் நிஜம். அதில் பொய் எதுவும் இல்லை.

இன்னொரு சங்கடம். அடுத்த தடவை போகும்போது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் மாத்திரை நின்றுவிடும். ஆமாம் என்றால் பொய். மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாக உடைக்க வசதியாக. யார் யோசனையோ, முருகன் அருள் இல்லாமல் வராது.

படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு உடைத்தேன். பாதியைப் பொடித்து இவர் கிண்ணத்தில். பாதி என் கிண்ணத்தில். சாப்பிட்டேனா? சாப்பிட்டேன். எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

நாக்கு கொஞ்சம் மரத்தது. பச்சைக் கற்பூரம் கூடிவிட்டது என்று நானே சத்தமாகச் சொல்லிவைத்தேன். இவர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

அக்டோபர் 12, வியாழன்

பேசியது: "தூங்குனியா?"

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மருந்து இவ்வளவு சீக்கிரம் பிடிக்குமா என்று தெரியவில்லை. மூன்று நான்கு வாரம் ஆகும் என்றுதான் சொன்னார்கள்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. எழுந்தபோது அடுப்படியில் வெளிச்சம். இவர் டீ போட்டுக்கொண்டிருக்கிறார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், தோலோடு. இருபத்தொன்பது வருடத்தில் இவர் எனக்குப் போட்டுக் கொடுத்த மூன்றாவது டீ. மற்ற இரண்டும் பானுமதி பிறந்தபோது.

நான் தட்டில் பாதி வைத்தால், "அதையும் தின்னு" என்கிறார். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. முழு மாத்திரை கொடுத்திருந்தால் மறுபடி கடையே திறந்திருப்பார்.

எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு ஏன் இருக்க வேண்டும்? நோய் எனக்கில்லையே.

நவம்பர் 3, வெள்ளி

இவர் தனியாகக் கீழே போய்ப் பீர்க்கங்காய் வாங்கி வந்தார். நான் கொடுக்கும் விலையில் பாதி. காய்கறிக்காரனோடு சண்டை போட்டிருக்கிறார். நல்ல சண்டையாம். ஷமீமா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

முருகா.

நவம்பர் 6, திங்கள்

ஆஸ்பத்திரி. முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. மருந்து இருக்க வேண்டிய அளவில் சரியாகப் பாதிதான் என் ரத்தத்தில் இருக்கிறதாம்.

பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அனந்தகிருஷ்ணன் முகத்தைப் பார்த்தால் சந்தோஷம் தாங்கவில்லை. விஷயம் என்னவென்றால், நான் மாத்திரை விட்டுவிட்டேன் என்று யாருமே சந்தேகப்படவில்லை. நாள், நேரம் போட்டு நான் எழுதிக் கொடுத்த கணக்கைப் பார்த்து, இப்படி எழுதுகிற பேஷண்ட் ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியானால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். என் கல்லீரல். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அரைத்துத் தள்ளுகிறது. அபூர்வமாம். ஜீன் பார்க்க வேண்டும் என்று இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். ஜனவரியில் ஏதோ மாநாட்டில் பெரிய தாள் ஒட்டி, பதினேழாம் நம்பரைப் பற்றி விளக்கப் போகிறானாம்.

"உங்களை மாதிரி ஒரு லிவர் நான் பார்த்ததே இல்லை மாமி."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது நாட்குறிப்பு இல்லை.

கல்லீரலுக்கு ஈடு கொடுக்க மருந்தை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். இனி தினமும் இரண்டு மாத்திரை. ஆளுக்கு ஒன்று முழுதாக வரும். தப்பான காரணத்துக்குச் சரியான அளவு. ஆஸ்பத்திரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

காலையில் இவர் வாந்தி எடுத்தார். எழுந்து நின்றதும் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் வேர்வை. "ஒண்ணுமில்ல, பித்தம்" என்கிறார்.

பித்தமா? நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? இவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அது இருக்கும்போது இது கொடுக்கலாமா என்று யாரைக் கேட்டேன்? யாரைக் கேட்க முடியும்? இவர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லையே. ஏதாவது ஆகியிருந்தால் டாக்டரிடம் என்ன சொல்லுவேன் — பிரசாதம் கொடுத்தேன் என்றா?

முருகன் படத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 11, சனி

இவர் பங்கை நிறுத்திவிட்டேன். எனக்கு மட்டும் ஒன்று. மற்றது குங்குமச் சிமிழில் கிடக்கிறது. நிறுத்தினாலும் பயம்தான். மறுபடி நாற்காலிக்கே போய்விட்டால்? டீ, சண்டை, பீர்க்கங்காய் எல்லாம் போய்விடும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பானுமதி குடும்பத்தோடு வந்து போனாள். அப்பா எவ்வளவு பேசுகிறார் என்று ஆச்சரியம் அவளுக்கு. போகும்போது மட்டும், "நீ ஏம்மா இப்படி எளைச்சிருக்க?" என்றாள். வேலை என்றேன்.

நவம்பர் 14, செவ்வாய்

சஷ்டி விரதம் இரண்டாம் நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூஜை முடித்து இவருக்குத் தீர்த்தம் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றார்.

"என் பங்கு எங்க?"

விரதம், பஞ்சாமிர்தம் செய்யவில்லை என்றேன்.

"பஞ்சாமிர்தத்த யாரு கேட்டா? மாத்திரையக் கேக்கேன்."

பூஜைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏளா, முப்பது வருசம் கடைல நின்னவன் நான். மொளகுல பப்பாளி வெத கலந்தா மூக்கே சொல்லிரும். மொத நாளே நாக்கு மரத்துப்போச்சு. நீ பச்சைக் கற்பூரம்னு சொல்லுத. ஒம் மாத்திரைல எனக்கும் பங்குன்னு அன்னைக்கே தெரிஞ்சிது."

"தெரிஞ்சேவா சாப்பிட்டீங்க?"

"தனியா முழுங்கப் பயப்படுதன்னு நெனச்சேன். சீக்காளி கூட மல்லுக்கு நிக்க முடியுமா?"

"யாரு சீக்காளி?"

"பின்ன யாரு? சீட்டு யாரு பேருல இருக்கு? ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்க. சோத்தப் பிசைஞ்சி அப்படியே வச்சிட்டு எந்திரிக்க. சாமி முன்னால நின்னா கண்ணத் தொடச்சிக்கிட்டே நிக்க. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

இத்தனை மாதமும் இவர் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் பூஜை அலமாரியும் அடுப்படியும் அப்படியே தெரிகின்றன.

ஆஸ்பத்திரிக்குப் போனதே உங்களுக்காகத்தான், சொன்னதெல்லாம் உங்கள் நோய்தான் என்று கத்திவிட்டேன். விரத நாளில். இவர் பூஜைத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். அப்புறம், "எனக்கென்ன, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார்.

நவம்பர் 18, சனி

சூரசம்ஹாரம். சேடா நகர் முருகன் கோயிலுக்கு இருவரும் போனோம். கூட்டம். படியேறும்போது இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடுவேன் என்று. நான் இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், இவர் விழுந்துவிடுவார் என்று. பின்னால் வந்தவர்களுக்கு வழியே இல்லை.

சன்னதியில் நின்று, திங்கட்கிழமை போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். மாத்திரை நின்றாலும் நிற்கட்டும். டாக்டருக்குத் தெரியாமல் இவருக்கு ஒளித்து வைத்தியம் பார்க்க எனக்கு இனி தைரியம் இல்லை. கல்லீரல் பெருமையும் போகும். அது போனால் போகட்டும். கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 20, திங்கள்

நான் மட்டும் போவதாக இருந்தேன். இவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். இந்தத் தடவை பெஞ்சில் உட்காரவில்லை. எனக்கு முன்னால் உள்ளே போய், தாராவி இந்தியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாதி பாதி, பஞ்சாமிர்தம், வாந்தி, எல்லாம். ஒரு வார்த்தை பேசவைக்க நான் பாடுபட்ட மனிதர். டாக்டர் அம்மா குறுக்கே பேச வழியில்லை.

பிறகு அவர் முறை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பிரஷர் மாத்திரையோடு இதை யாரும் பார்க்காமல் கொடுத்தது எவ்வளவு பெரிய ஆபத்து, நீங்கள் படிக்கிற பெண், கணக்கு எழுதுகிற பெண் — நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் நியாயம். கடைசியில் மூச்சு விட்டு, இதில் பேஷண்ட் யார் என்று கேட்டார்.

நான் இவரைக் காட்டினேன். இவர் என்னைக் காட்டினார். டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அந்த மூன்று நாள் எச்சிலின் முடிவு. இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் இரவுக் குழாயிலும் ஹார்மோன் இறங்கவே இல்லை. இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களிலேயே அதிகம் யாருக்கு என்றால், பதினேழாம் நம்பருக்குத்தான்.

மாத்திரையில் பங்கு உண்டு. ரத்தத்தில் பாதிக் கணக்கு. எச்சிலை நான் யாருக்கும் பங்கு வைக்கவில்லை. அது முழுக்க என்னுடையது.

செப்டம்பரில் கேட்ட கேள்விகளை டாக்டர் அம்மா மறுபடி கேட்டார். தூக்கம், பசி, பிடித்த வேலை, அழுகை. இந்தத் தடவை பதில் சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று. பதில்கள் மாறவில்லை. கடைசிக் கேள்வியின்போது இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வெளியே வந்து கவுண்டரில் இவரே இன்னொரு சீட்டு எடுத்தார். பெயர் கேட்டார்கள். "கணேசபாண்டியன்" என்றார், கடை போர்டில் எழுதியிருந்த மாதிரி நிறுத்தி நிறுத்தி. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாரோ.

டிசம்பர் 4, திங்கள்

ஆராய்ச்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மாத்திரை நிற்கவில்லை. பொது வரிசையில் கொடுக்கிறார்கள். இவருக்கு வேறு மாத்திரை, பிரஷரோடு ஒத்துப்போகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்துத் திங்கட்கிழமை தோறும் பேச்சு வைத்தியம் என்று ஒன்று. முதல் நாள் இவர் பருப்பு மண்டி விலை பற்றியே பேசினார். கேட்கிற பெண் பொறுமையாக எழுதிக்கொண்டாள்.

ஜீன் முடிவும் வந்திருந்தது. சாதாரணக் கல்லீரல். ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதான். அனந்தகிருஷ்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். மாநாட்டுத் தாளில் என் இடம் காலியாகிவிட்டதே என்றேன். பையன் முகம் வாடித்தான் இருந்தது.

"உங்க லிவரை நான் எவ்வளவு நம்பினேன் மாமி."

அடுத்த தடவை அவனுக்குக் கொஞ்சம் முறுக்கு கொண்டுபோக வேண்டும்.

டிசம்பர் 19, செவ்வாய்

மோசமான நாள். எழுந்திருக்கவே தோன்றவில்லை. பூஜை செய்யவில்லை. இவர் குளித்துவிட்டு விளக்கு ஏற்றி, மணியை ஆட்டினார். அதிகமாகவே ஆட்டினார். ஷமீமா என்னவோ ஏதோ என்று வந்து பார்த்தாள்.

கணக்கு எழுதவில்லை.

2024 ஜனவரி 2, செவ்வாய்

இன்று பரவாயில்லை. வாழைக்காய் பொரியல் செய்தேன். உப்பு சரியாக இருந்தது. எனக்கே ருசி தெரிந்தது.

இவர் மாலையில் ஷமீமா வீட்டுக்காரரின் மளிகைக் கடையில் போய் நிற்கிறார். சம்பளம் இல்லை, வேலையும் இல்லை, அறிவுரை மட்டும். அவர் பொறுத்துக்கொள்கிறார்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். அக்டோபரில் வேண்டிக்கொண்ட நாற்பத்தெட்டு நாள் பாதியில் நின்றது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று மலைப்பழம் கிடைக்கவில்லை, இங்கே எலைச்சி என்று விற்கிற சின்ன வாழைப்பழத்தில் பஞ்சாமிர்தம் செய்தேன். பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம். பூஜை முடித்துக் கிண்ணத்தை நீட்டினேன்.

இவர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். கடையில் புது மூட்டை பிரித்ததும் சரக்கை ருசி பார்ப்பது போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கலப்படம் இல்ல. எடுத்துக்கிடலாம்."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். முருகன் முன்னால், கையில் கற்பூரத் தட்டோடு. இவர் கிண்ணத்தை வழித்துவிட்டு, என் பங்கில் பாதி கேட்டார். கொடுக்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

டாக்டர் அம்மா தூக்க அட்டையை விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார். நேற்றைய கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று தெரியவில்லை.